காற்றை முந்தும் கலங்கள்

ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன்னர், கடலோர ஊர் ஒன்றின் மதரஸாவில் நாம் அரபு மொழிப் பாடம் நடத்திக் கொண்டிருந்த காலை, மாணவர் ஒருவர் எழுந்து ஒரு வினாத் தொடுத்தார். ‘ரீஹ்’ என்னும் காற்றையும் ‘சஃபீனா’ என்னும் கப்பலையும் பற்றிய சொற்கள் அன்றைய பாடத்தில் வந்திருந்தன. தோணித் தொழிலில் ஆயுளைக் கழித்த பாட்டனாரின் மடியில் வளர்ந்த பிள்ளை அவர். “ஹஜ்ரத், பாய் விரித்து ஓடும் கலம் காற்றைவிட விரைவாக ஓட முடியுமா?” என்று கேட்டார்.

நாம் சிறிதும் தயங்கவில்லை. “சுமக்கப்படுவது சுமப்பதை முந்துவது எங்ஙனம்? ஆற்று நீரில் மிதக்கும் சருகு ஆற்றைவிட விரைந்து ஓடுமா? காற்றுத் தரும் வேகம் காற்றின் வேகத்திற்குள்தானே அடங்க வேண்டும்?” என்று அடுக்கினோம். வகுப்பு சிரித்தது. அந்தப் பிள்ளை தலை கவிழ்ந்து அமர்ந்து கொண்டார். அதன்பின் அவர் எம்மிடம் அத்தகைய வினா எதனையும் கேட்டதாக நினைவில்லை.

நம் விடை தவறு. தர்க்கம்போல் தோன்றிய அது தர்க்கமே அன்று. அறியாமைக்கு அணிவித்த தலைப்பாகை. பல்லாண்டுகள் கழித்து, உறைந்த ஏரிகளின்மீதும் வறண்ட பாலை நிலத்தின்மீதும் பாய் விரித்து ஓடும் கலங்களின் வரலாற்றைப் படிக்க நேர்ந்தபோதுதான் இஃது எமக்கு விளங்கிற்று. நீரில் ஓடாத அக்கப்பல்களின் கதையை வாசகப் பெருமக்களுக்குச் சொல்வதன் வாயிலாக, அன்றைய வினாவுக்கு இன்றேனும் சரியான விடை பகர விழைகிறோம்.

தரையின் கப்பல்

தரையில் ஓடும் கப்பல் என்றதும் அரபு கற்றோர்க்கு நினைவில் எழுவது ஒட்டகம். ‘சஃபீனத்துல் பர்ரு’, அதாவது தரையின் கப்பல், என்று அதனை அரபிகள் அழைத்தனர். மணற்பரப்பைக் கடலாகவும் ஒட்டகத்தைக் கலமாகவும் கண்ட உவமை அது. உவமையாக நின்றதை மரத்தாலும் துணியாலும் மெய்யாகவே செய்து பார்த்தோர் உலகின் பல பகுதிகளில் இருந்தனர்.

முதலில் சீனத்தைச் சொல்லவேண்டும். அந்நாட்டில் வண்டிகளுக்குப் பாய் கட்டி ஓட்டுகின்றனர் என்ற செய்தி பதினாறாம் நூற்றாண்டிலேயே ஐரோப்பாவை எட்டிவிட்டது. ஓர்ட்டேலியஸ் என்பார் 1584இல் வெளியிட்ட சீனத்து நிலப்படத்தில் பாய்மர வண்டிகள் வரையப்பட்டுள்ளன. ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் சிறு பாயொன்றைக் கட்டி, தள்ளுபவன் பளுவைக் காற்றோடு பகிர்ந்து கொள்ளும் வழக்கத்தை, 1794–95ஆம் ஆண்டுகளில் டச்சுத் தூதுக் குழுவுடன் சீனம் சென்ற வான் பிராம் என்பார் நேரிற் கண்டு எழுதி வைத்தார். அங்கே பாய் என்பது விளையாட்டுப் பொருளன்று. கூலியாளின் முதுகைக் காத்த துணை.

உறைந்த ஆறு

பனிக்கட்டியின்மீது வண்டி ஓடும் காட்சியைக் கண்டு எழுதிய நம் முன்னோருள் இப்னு ஃபள்லான் குறிப்பிடத்தக்கவர். அப்பாஸியக் கலீஃபா அல்முக்ததிர் அனுப்பிய தூதுக் குழுவில் ஹிஜ்ரி 309இல், அதாவது கி.பி. 921இல், பக்தாதை விட்டுப் புறப்பட்டு, வோல்கா ஆற்றங்கரையிலிருந்த பல்கார் மக்களின் நாட்டுக்குச் சென்றவர் அவர். வழியில் குவாரிஸ்மியப் பகுதியின் ஜுர்ஜானியா நகரில் குளிர்காலம் அவர்களை மறித்தது. ஜைஹூன் ஆறு முழுவதும் உறைந்து, பனிக்கட்டி பதினேழு சாண் கனத்திற்கு இறுகி, குதிரைகளும் கழுதைகளும் வண்டிகளும் சாலையில் செல்வதுபோல் அதன்மேல் சென்றன என்றும், மூன்று மாத காலம் அந்நிலை நீடித்தது என்றும் அவர் எழுதுகிறார். பக்தாதின் வெயிலில் வளர்ந்த ஒருவர் ஓடும் ஆறு நின்று சாலையாகிவிட்டதைக் கண்டு அடைந்த வியப்பு அவ்வெழுத்தில் தெரிகிறது. அவர் கண்ட வண்டிகளில் பாய் இல்லை. பனியும் பாயும் சந்திப்பதற்கு இன்னும் பல நூற்றாண்டுகள் ஆயின.

சைமன் ஸ்டெவினின் வண்டி

அந்தச் சந்திப்புக்கு வழி வகுத்த நாடு ஹாலந்து. கால்வாய்களும் தட்டையான கடற்கரையும் இடையறாத காற்றும் உடைய நாடு அது. அங்கே 1600ஐ அடுத்த ஓரிரு ஆண்டுகளில், இளவரசர் மௌரிஸ் அவர்களுக்காக சைமன் ஸ்டெவின் என்னும் கணித மேதை (1548–1620) நான்கு சக்கரங்களும் பாய்மரமும் கொண்ட பெரும் வண்டியொன்றை வடிவமைத்தார். சுமார் இருபத்தெட்டுப் பேர் அதில் ஏறி, ஸ்கெவெனிங்கன் கடற்கரையிலிருந்து வடக்கே பெட்டென் வரையில், எழுபது கிலோமீட்டருக்குக் குறையாத தொலைவை இரண்டு மணி நேரத்திற்குள் கடந்தனர் என அக்காலக் குறிப்புகள் கூறுகின்றன. குதிரைகளால் அதனைத் தொடர முடியவில்லையாம். பிற்காலத்தில் பன்னாட்டுச் சட்டத்தின் தந்தை எனப் போற்றப்பட்ட ஹியூகோ குரோஷியஸ் அப்பயணிகளுள் ஒருவர். 1600இல் நியூபோர்ட் போரில் சிறைப்பட்ட ஸ்பானியத் தளபதி மெண்டோசாவும் உடனிருந்தார். இளவரசர் விளையாட்டாக வண்டியைக் கடலை நோக்கித் திருப்பி, ஏறியிருந்தோரைக் கதிகலங்கச் செய்தார் என்றும் சொல்லப்படுகிறது.

ஸ்டெவினைப் பற்றி மேலும் ஒரு சொல். பத்தின் கூறுகளால் பின்னங்களை எழுதும் முறையை 1585இல் சிறு நூலொன்றால் ஐரோப்பாவில் பரப்பியவர் அவரே. திமிஷ்கில் அல்உக்லீதிஸியும், பின்னர் 1427இல் ‘மிஃப்தாஹுல் ஹிஸாப்’ என்னும் நூலை முடித்த சமர்கந்தின் அல்காஷியும் அம்முறையை அவருக்கு முன்பே அறிந்திருந்தனர்.  நில அளவைக்காரரும் துணி வணிகரும் பயன்கொள்ள வேண்டுமென்று, லத்தீனை ஒதுக்கித் தம் தாய்மொழியில் எழுதினார் ஸ்டெவின். கணிதம் என்பதற்கே டச்சு மொழியில் புதுச்சொல் ஆக்கியவர் அவர். 1600இல் லைடன் நகரில் அவர் திட்டப்படி அமைந்த பொறியாளர் பள்ளியிலும் பாடம் தாய்மொழியிலேயே நடந்தது. மௌரிஸின் வண்டி மன்னர் மாளிகைக்கு உரியது. எனினும் அதை ஆக்கிய அறிவு தச்சனுக்கும் புரியும் மொழியில் இருந்தது. இதனை வாசகர் நினைவிற் கொள்க.

செல்வரின் ஓடமும் எளியோரின் ஓடமும்

டச்சுக்காரர் குளிர்காலத்தில் படகின் அடியில் சறுக்குக் கட்டைகளைப் பொருத்தி உறைந்த நீர்நிலைகளில் ஓட்டினர். அவ்வழக்கம் வட அமெரிக்காவின் ஹட்சன் ஆற்றங்கரையில் செழித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அக்கரையின் செல்வர்கள் ஒருவரை ஒருவர் விஞ்சும் பெரும் பனி ஓடங்களைக் கட்டினர். பிற்காலக் குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் சிற்றப்பா ஜான் ரூஸ்வெல்ட் கட்டுவித்த ‘ஐசிக்கிள்’ என்னும் ஓடம் சுமார் 69 அடி நீளமும் 1,070 சதுர அடிப் பாயும் உடையது. ஆற்றின் ஓரமாக ஓடிய சிகாகோ விரைவு ரயிலை 1871இல் அது முந்திச் சென்ற செய்தி அந்நாட்டில் இன்றும் பேசப்படுகிறது.

ஆனால் அப்பேரோடங்களுக்கு ஒரு குறை இருந்தது. அவற்றின் சுக்கான் பின்புறத்தில் அமைந்திருந்தது. உயரத்தில் உள்ள பாயைக் காற்று முன்னோக்கித் தள்ளுங்கால் ஓடத்தின் பாரம் முன்பக்கம் சாய்கிறது, பின்பக்கம் இலேசாகிறது. கடுங்காற்று வீசும் வேளையில், எப்போது பிடிமானம் மிகவும் தேவையோ அப்போதே சுக்கான் பனியில் பதியாமல் நழுவி, ஓடம் பம்பரமாகச் சுழன்று ஆட்களை வீசியெறிந்துவிடும். 1930களில் சுக்கானை முன்புறம் கொண்டுவந்த சிறு ஓடங்கள் தோன்றவே, இக்குறை நீங்கியது. எழுபது அடி ஓடத்தைப் பதினைந்து அடி ஓடம் வென்றது.

அக்காலம் அமெரிக்காவில் வேலையின்மையும் வறுமையும் நிலவிய காலம். டெட்ராய்ட் நகரில் ‘டெட்ராய்ட் நியூஸ்’ என்னும் நாளிதழ் ஒரு கைத்தொழிற் பட்டறையை நடத்தி வந்தது. 1937ஐ ஒட்டிய குளிர்காலத்தில் அங்கே ஆர்ச்சி அரோல் என்பாரின் வடிவமைப்பில், சாதாரண மனிதர் தம் கையால் செய்துகொள்ளத்தக்க சிற்றோடம் ஒன்று உருவாயிற்று. உடல் 12 அடி, குறுக்குப் பலகை 8 அடி, பாய்மரம் 16 அடி, பாய் 60 சதுர அடி. பிரித்துக் கட்டினால் கார்க் கூரையில் அடங்கிவிடும். நாளிதழின் முதலெழுத்துகளால் ‘டி.என்.’ எனப் பெயர் பெற்ற அவ்வோடத்தின் அளவுகள் வெளிப்படையாக இருந்தமையால், மரமறுக்கத் தெரிந்த எவரும் செய்து கொண்டனர். போலந்திலும் எஸ்தோனியாவிலும் ஜெர்மனியிலும் அது வேரூன்றியது. ‘ஐசிக்கிள்’ அருங்காட்சிப் பொருளாகிவிட்டது, ‘டி.என்.’ இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

செய்வதும் செப்பனிடுவதும்

அமைப்பு எளியது. நீண்ட குறுகிய மரப்பெட்டி போன்ற உடல். அதன் குறுக்கே இருபுறமும் நீளும் பலகை. பலகையின் இரு முனைகளில் இரண்டு எஃகுச் சறுக்குத் தகடுகள். முன்முனையில் திருப்புவதற்கு மூன்றாவது தகடு. ஓட்டுபவர் உடலுக்குள் மல்லாந்து படுத்துக்கொள்வார். உடலுக்கு ஸ்புரூஸ் போன்ற இலேசான மரம். குறுக்குப் பலகை வளைந்து நிமிர வேண்டும், ஒடியக் கூடாது. ஆளின் பாரத்தையும் பனியின் மேடுபள்ளத்தையும் தாங்கும் வில் அதுவே. பாய்மரம் உடலில் அறையப்படுவதில்லை. குமிழொன்றின்மேல் நின்று, முன்னே ஒன்றும் பக்கங்களில் இரண்டுமாக மூன்று கம்பிகளால் மட்டுமே பிடிக்கப்படுகிறது.

செய்வதினும் செப்பனிடுவதே கடினம். இரண்டு சறுக்குகளும் ஒன்றுக்கொன்று முற்றிலும் இணையாக இருத்தல் வேண்டும். அவற்றின் முன்முனைகளுக்கு இடையிலும் பின்முனைகளுக்கு இடையிலும் உள்ள தூரம் மயிரிழையும் பிசகாமல் ஒன்றாக இருக்கவேண்டும். பிசகினால் ஒன்று மற்றொன்றை இழுத்துத் தேய்த்து வேகத்தைத் தின்றுவிடும். இந்த அளவையும் ஓடத்தில் ஆள் படுத்திருக்கும்போதே எடுக்கவேண்டும். ஏனெனில் பாரம் ஏறியதும் பலகை வளைந்து சறுக்கின் நிலை மாறிவிடுகிறது. வெற்றோடத்தில் சரியாக இருப்பது ஆள் ஏறியதும் தவறாகிவிடும். தகட்டின் விளிம்பைக் கூர் தீட்டி, பிசிறு நீக்க வேண்டும். கடினமான பனிக்கு ஒன்று, இளகிய பனிக்கு ஒன்று எனப் பல இணைத் தகடுகளைச் செய்து வைத்திருப்பர். பாய்மரம் எவ்வளவு பின்சாய வேண்டும், காற்று மிகும்போது எவ்வளவு வளைந்து பாயின் தொப்பையைக் குறைக்க வேண்டும் என்பனவெல்லாம் ஓட்டிப் பார்த்து ஓட்டிப் பார்த்தே அறியப்படுகின்றன.

தரையில் ஓடும் பாய்மர வண்டிக்கும் இலக்கணம் இதுவே. தகட்டின் இடத்தில் சக்கரம். காலால் திருப்பும் முன்சக்கரம். வளைந்து கொடுக்கும் அச்சு. கைவினைஞர் பலர் தள்ளுவண்டிச் சக்கரங்களையும் பழைய இரும்புக் குழாய்களையும் எவரோ கழித்துப்போட்ட பாயையும் கொண்டே அதனை ஆக்கிவிடுகின்றனர். பொதுவாக இக்கலங்களுக்கு நிறுத்தும் கட்டை கிடையாது. முகத்தைக் காற்றுக்கு நேரே திருப்பிப் பாயைத் தளர்த்தினால்தான் நிற்கும். அதைப் பழகாமல் ஏறுவது ஆபத்து. உறைந்த ஏரிக்குச் செல்வோர், பனி உடைந்து நீரில் விழுந்தால் பற்றி ஏறுவதற்குக் கூரிய முளைகள் இரண்டைக் கழுத்தில் தொங்கவிட்டே செல்கின்றனர்.

மாணவரின் வினாவுக்கு விடை

இனி விடைக்கு வருவோம். காற்றே வீசாத நாளிலும் மிதிவண்டியில் விரைந்து செல்பவரின் முகத்தில் காற்று அடிக்கிறது. அது அவருடைய வேகமே அவருக்கு உண்டாக்கிய காற்று. பனி ஓடத்தின்மீது பக்கவாட்டிலிருந்து காற்று வீசுவதாகக் கொள்வோம். ஓடம் நகரத் தொடங்கியதும், அதன் வேகம் உண்டாக்கும் எதிர்க்காற்றும் பக்கக் காற்றோடு சேர்கிறது. பாயின்மீது படுவது இவ்விரண்டும் கலந்த காற்று. ஓடம் விரையுந்தோறும் அக்காற்றும் வலுக்கிறது. ஓடம் பக்கவாட்டில் நழுவ முடியாதபடி சறுக்கின் விளிம்பு பனியைக் கவ்விப் பிடித்திருக்கிறது. இரு விரல்களுக்கிடையே அழுத்திய ஈரப் புளியங்கொட்டை எங்ஙனம் விரலின் வேகத்தினும் விரைந்து தெறிக்கிறதோ, அங்ஙனமே பாய்க்கும் சறுக்குக்கும் இடையில் நெருக்குண்ட ஓடம் முன்னோக்கிப் பாய்கிறது.

நீரில் செல்லும் தோணிக்கு நீரே பெருந்தடை. ஆகவே அவ்வேகம் விரைவில் அடங்கிவிடும். பனியில் தடை மிகச் சிறிது. எனவே வேகம் காற்றையும், வேகம் காற்றையுமாக வளர்த்துக்கொண்டே போகின்றன. கலந்த காற்று ஏறத்தாழ நேர்முகமாகத் திரும்பிவிடும் எல்லையில்தான் வளர்ச்சி நிற்கிறது. அதற்குள் ஓடம் காற்றின் வேகத்தைப்போல் மூன்று, நான்கு மடங்கு வேகத்தை எட்டிவிடுகிறது. நாம் சொன்ன சருகு உவமை, நேர் பின்னாலிருந்து வீசும் காற்றில் பாயை விரித்துச் செல்லும் கலத்திற்கு மட்டுமே பொருந்தும். காற்றுக்குக் குறுக்கே செல்லும் கலத்திற்கு அது சிறிதும் பொருந்தாது.

அந்த ஒரே புகலிடத்தையும் பிற்காலத்தார் விட்டு வைக்கவில்லை. 2010இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்து வறண்ட ஏரியில் ரிக் கவல்லாரோ என்பார் ‘பிளாக்பேர்ட்’ என்னும் வண்டியை ஓட்டினார். அதில் பாய்க்கு மாறாக ஒரு பெரிய சுழல்விசிறி. அதனைச் சக்கரங்களே சுழற்றின. சுழன்ற விசிறி காற்றைப் பின்னோக்கித் தள்ளிற்று. நேர் பின்னாலிருந்து வீசிய காற்றின் வேகத்தைப்போல் 2.8 மடங்கு வேகத்தில் அது காற்றின் திசையிலேயே சென்றது. கற்றறிந்த பலர் நடவாது என மறுத்தது நடந்துவிட்டது. எம்மைப்போல் தவறியோர் வேறு பலரும் உளர் என்பதில் எமக்குச் சிறு ஆறுதல், பெருமையில்லை.

பாலைவனத்தில் ஒரு பயணம்

பாய்மர வண்டிகள் பெல்ஜியத்தின் டி பான் கடற்கரையில் 1898 முதல் விளையாட்டாக வளர்ந்தன. ஆங்கிலக் கால்வாயை 1909இல் விமானத்தில் கடந்த பிளேரியோவும் கடற்கரைக்கென அத்தகைய வண்டிகளை ஆக்கினார். ஆயினும் நம் உள்ளத்தைக் கவர்ந்தது 1967ஆம் ஆண்டின் நிகழ்ச்சி. ஜான் டு புஷே என்னும் பிரெஞ்சுப் படை அதிகாரியின் தலைமையில் பல நாட்டவர் பாய்மர வண்டிகளில் அல்ஜீரியாவின் பஷ்ஷாரிலிருந்து புறப்பட்டு, ஸஹாராவைக் கடந்து, மௌரித்தானியாவின் தலைநகர் நுவாக்ஷூத்தை அடைந்தனர். 2,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வழி. ‘தரையின் கப்பல்’ பல நூறு ஆண்டுகளாக நடந்த மண்ணில், மெய்யாகவே பாய் விரித்த கப்பல்கள் ஓடின.

வேகத்தின் கணக்கும் வளர்ந்துகொண்டே வந்துள்ளது. 2009இல் ரிச்சர்ட் ஜென்கின்ஸ் ‘கிரீன்பேர்ட்’ வண்டியில் மணிக்கு 202.9 கிலோமீட்டர் வேகத்தை எட்டினார். 2022 டிசம்பரில் தென் ஆஸ்திரேலியாவின் கெய்ர்ட்னர் உப்பு ஏரியில் கிளென் ஆஷ்பி ‘ஹொரோனுக்கு’ வண்டியில் 222.4 கிலோமீட்டரை எட்டி அதனை முறியடித்தார். அன்றைய காற்றின் வேகம் மணிக்குச் சுமார் 40 கிலோமீட்டர் மட்டுமே.

மாலுமியும் முஅல்லிமும்

நம் கடலோர மக்களுக்குப் பாயும் காற்றும் அயலானவை அல்ல. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் எனத் திசைக்கொரு பெயரிட்டுக் காற்றை அழைத்தவர்கள் நாம். ‘சுக்கான்’ அரபிச் சொல். நம் தோணிகளோடு தமிழுக்குள் வந்து தங்கிவிட்டது. ‘மாலுமி’ என்பதோ ‘முஅல்லிம்’ என்னும் அரபிச் சொல்லின் திரிபு. முஅல்லிம் என்றால் ஆசிரியர். கலத்தை நடத்துபவரும் வகுப்பை நடத்துபவரும் ஒரே பெயரால் அழைக்கப்பட்டனர்.

எம் இளமையில் ஊரில் முதிய ஓடாவி ஒருவர் இருந்தார். பெருந்தோணியின் அளவுகள் யாவும் அவர் நினைவில் இருந்தன. ஏட்டில் ஒன்றும் இல்லை. அவர் மறைந்தபோது அளவுகளும் மறைந்தன. அவரருகில் அமர்ந்து ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்க, எழுத்தறிந்த எம் போன்றோர் ஒருவருக்கும் தோன்றவில்லை. டெட்ராய்ட் பட்டறையின் பன்னிரண்டடி ஓடம் தொண்ணூறு ஆண்டுக்காலம் நிலைபெறக் காரணம், அதன் அளவுகள் எழுதப்பட்டு எல்லார் கைக்கும் எட்டியமையே. ஸ்டெவின் தச்சனின் மொழியில் எழுதியதற்கும் காரணம் அதுவே. நம்மிடம் தச்சரும் இருந்தனர், எழுத்தாளரும் இருந்தனர். இருவரும் ஒரு திண்ணையில் அமரவில்லை. இன்றும் சில ஊர்களில் சில முதியோர் உளர். இதனைப் படிக்கும் இளைஞர் எவரேனும் ஒரு குறிப்பேட்டுடன் அவர்களிடம் செல்வாராயின், இக்கட்டுரை பயன் பெற்றதாகும்.

‘லா அத்ரீ’, அதாவது ‘நான் அறியேன்’ என்பது கல்வியின் பாதி என மதரஸாவில் எமக்குக் கற்பித்தனர். நாமும் அதனைப் பிறர்க்குக் கற்பித்தோம். ஆனால், தோணிக்காரரின் பேரன் கேட்ட அன்று அச்சொல் எம் நாவில் வரவில்லை. ஆள் ஏறியபின் அளந்து பாராத ஓடம்போல் நேராக இருப்பதாகவே எண்ணிக்கொண்டோம். “எனக்குத் தெரியாது தம்பி, உன் பாட்டனாரைக் கேட்டு வந்து எனக்கும் சொல்” என்று சொல்லியிருந்தால், கேள்வி கேட்கும் ஒரு பிள்ளை வகுப்பில் நிலைத்திருப்பார், ஆசிரியரும் முப்பதாண்டு முன்னதாகவே கற்றிருப்பார்.

அம்மாணவர் இன்று எங்கிருக்கிறார் என்பது எமக்குத் தெரியாது. இவ்விதழ் அவர் கைக்கு எட்டுமாயின், விடை இதுவே: ஆம் தம்பி, முடியும். நீர் கேட்டது சரியான கேள்வி.